வேலூரின் அத்தனை பார்களிலும் சுண்டல் கேட்டவர்

கேஸ் சிலிண்டரின் சீல் உடைந்திருக்கிறது என்று கொண்டுவந்தவரிடம் நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் போன் வந்தது. மலையிலிருந்து கோவிந்தன். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை கணக்கு படித்தவன், இப்போது ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். “பாய் சார், நம்ம பிச்சாண்டி மாமா போய்ட்டாருங்க. காத்தால எழுப்பப் போனா எழுந்துக்கலீங்க” என்றான். சிலிண்டர்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வேறொரு சிலிண்டரைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரு, நம்ம சுண்டல்காரரா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று ஆண்டவனுக்கும் டிரைவருக்கும்தான் தெரியும். ஓடிப்போய்ப் பிடித்தேன். இந்த வயதில் பஸ் பின்னால் ஓடுவது அழகில்லைதான். மண் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மலையில் நம் உண்டு உறைவிடப் பள்ளியின் சமையற்கட்டில் அவர் நின்ற அத்தனை வருடத்தில் பத்தொன்பது வருடம் நான் அங்கே கணக்கு வாத்தியார். நான் அடித்த அடியை மறந்தவர்கள்கூட வியாழக்கிழமைச் சுண்டலை மறந்திருக்க மாட்டீர்கள். சாமையைக் கருகக் கருக வறுத்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி தூவுவாரே, அந்தப் பொடி. அவர் அம்மா முனியம்மாவின் கைப்பக்குவம் அது. அந்த வீட்டில் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள், பக்கத்து வீட்டில்கூடக் கிடையாது.

அவரைப் பற்றி மலையில் ஒரு கதை உண்டு. வேலூர் நகரத்தில் லைசென்ஸ் உள்ள ஒவ்வொரு பாருக்கும், ஒவ்வொரு ஓட்டல் பாருக்கும் போய் உட்கார்ந்து, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்த மனிதர் என்று. கதை உண்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

பிச்சாண்டிக்கு ஒரு தம்பி, தருமன். அவரும் சமையல்காரர்தான். மலையை விட்டு இறங்கி வேலூருக்குப் போய், “பெரிய ஓட்டல்ல மாஸ்டரா கீறேன்” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஓட்டல் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு ஆடி மாதம், தருமன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பிச்சாண்டி போய்ச் சேர்ந்தபோது, அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்த ஆட்டோக்காரர் வாசலில் நின்றிருந்தார். “ஏதோ பார்ல வேல செய்றவருன்னு சொல்லி ஏத்தி உட்டாங்கண்ணா” என்றார். எந்த பார் என்று கேட்பதற்குள் அவருக்கு வேறு சவாரி வந்துவிட்டது. பிச்சாண்டிக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. தம்பியின் சட்டைப் பையில் ஒரு பாட்டில் திறப்பான் மட்டும் இருந்தது.

உடலை மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆனால் காரியம் முடியவில்லை. அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். வெளியூரில் இறந்தவரை, அவர் கடைசியாக வேலை செய்த இடத்துக்கே கூடப்பிறந்தவர் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அழைத்து வருகிறவர் வீட்டு வாசலை மிதிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. கூப்பிடாவிட்டால், இறந்தவர் யாராவது வருவார்களா என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பார். முனியம்மா மூத்த மகனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “அவன் வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உப்பு வாணாம்.” அன்றிலிருந்து அந்த அம்மா உப்பில்லாத சாமைச் சோற்றைத்தான் தின்றார். அவருக்கு அப்போதே எழுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் உப்புப் பார்த்துச் சமைக்கிற மகன், வீட்டில் தாய்க்கு உப்பில்லாமல் வடித்துவைத்துவிட்டு வேலைக்கு வருவார்.

பிச்சாண்டி தம்பியின் போட்டோவை எடுத்துக்கொண்டு வேலூரில் நாலைந்து பார்களில் விசாரித்தார். எல்லோரும் கையை விரித்தார்கள். விரிக்காமல் என்ன செய்வார்கள்? வேலை செய்த இடத்தில் விழுந்து செத்தவனை என் ஆள் என்று எந்த முதலாளி சொல்வான்? அடுத்த கேள்வி போலீஸிடமிருந்து வருமே. திரும்பி வந்து பிச்சாண்டி என்னிடம் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. “ஆளு பொய் சொல்லுவான் சார். சுண்டலு பொய் சொல்லாது. என் தம்பி நின்ன அடுப்புன்னா அம்மாவோட பொடி அங்க கீதுன்னு அர்த்தம். ஒரு தடவ அத்த தின்னவன் திரும்பக் கேக்காம இருக்க மாட்டான். கேட்டா, அடுத்து வர்ற மாஸ்டரும் போட்டுத்தானே ஆவணும்?”

இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தனியாகப் போய் வந்த இரண்டு சனிக்கிழமைக்குப் பிறகு எனக்குச் சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது. ஒரே பாருக்கு முன் தெருவில் ஒரு பெயர்ப்பலகை, பின் தெருவில் ஒரு பெயர்ப்பலகை. இவர் இரண்டு வாசலிலும் நுழைந்து, ஒரே சுண்டலை இரண்டு தடவை தின்றுவிட்டு, “ரெண்டு கடை பாத்துட்டன் சார்” என்று வந்து நிற்கிறார். கணக்கு வாத்தியாரால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? பழைய மாணவன் ஒருவன் மூலம், ஓட்டல் பார், கிளப் பார், அரசுக் கடையை ஒட்டிய பார் என்று லைசென்ஸ் உள்ள அத்தனை இடத்தின் பட்டியலையும் வாங்கி, கிராப் நோட்டில் தெருவாரியாக எழுதினேன். நாலு பக்கம் வந்தது. எழுதி முடித்துக் கையில் கொடுத்தால், “இங்கிலீஷ் போர்டுலாம் எனக்கெங்க சார் தெரியும், நீங்களும் வந்துட்டீங்கன்னா நல்லாருக்கும்” என்றார். எங்கள் வம்சத்தில் எவனும் சாராயக்கடைப் படியை மிதித்ததில்லை. தாடியோடு நான் பார் பாராக ஏறி இறங்கினால் ஊர் என்ன பேசும்? வீட்டில் சொன்னேன். மனைவி யோசித்துவிட்டு, “அந்தம்மா உப்பில்லாமத் திங்குதேங்க” என்றாள். அவ்வளவுதான், அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கினோம். சந்தவாசலில் டீ, பகல் பன்னிரண்டுக்கு வேலூர், கதவு திறந்ததும் முதல் ஆட்கள் நாங்கள். மாதக்கணக்கில் அதுதான் எங்கள் சனிக்கிழமை.

முதல் பாரில் பட்டப்பகலில் சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டு. சர்வர் வந்து, “இன்னா பிராண்டு சார்?” என்று கேட்டார்.

“பன்னீர் சோடா ரெண்டு, சுண்டல் ஒண்ணு” என்றார் பிச்சாண்டி.

“சரக்கு?”

“வாணாம்பா.”

சர்வர் என் தாடியைப் பார்த்தார், அவர் தோள் துண்டைப் பார்த்தார். “யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா?”

“ஆமாம்பா. தம்பிக்கு” என்றார் பிச்சாண்டி. அந்த மனிதருக்குப் பொய் என்பது வராது. சுண்டல் வந்தது. ஒரு வாய் மென்றார், தட்டை என் பக்கம் தள்ளினார். “எண்ண பழசு, ஆளு புதுசு. இது இல்ல சார்.” நான் நோட்டில் சிவப்பு மையால் டிக் அடித்தேன்.

பின்வாசல் வழியாகச் சமையற்கட்டுக்கே போய்க் கேட்டால் வேலை சுருக்கமாக முடியுமே என்று ஒருநாள் சொன்னேன். தலையைப் பலமாக ஆட்டி மறுத்துவிட்டார். “பின்வாசல்ல போனா, பாவம் வேல தேடி வந்துகிறான்னு சோறு போட்டு அனுப்புவான் சார். முன்வாசல்ல போய் உக்காந்தாத்தான் தம்பி ஆக்கினது மேசைக்கு வரும்.” இந்த முன்வாசல் கொள்கைக்காக ஒரு பெரிய ஓட்டலில் முக்கால் மணி நேரம் நின்றோம். கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சீருடைக் காவலாளி. “இந்த டிரெஸ்ஸுல உள்ள உடமாட்டாங்க பெருசு” என்றார். பிச்சாண்டி துவைத்த வேட்டியும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறி, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினேன். அவர் என் முழங்கையைப் பிடித்து, “நீங்க கத்துனா அவரு வேலதான் சார் போவும், உடுங்க” என்று சொல்லிவிட்டு, கதவுக்கு நேராகப் பூந்தொட்டி மேடையில் உட்கார்ந்துகொண்டார். காவலாளியிடம், “உள்ளாற போய்ச் சொல்லுப்பா. சாப்புட வந்தவன வெளிய உக்கார வெச்சிகினு கீறோம்னு சொல்லு. அவங்க வாணாம்னா நான் போய்ட்றேன்” என்றார் அமைதியாக. காரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மேனேஜரே வந்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். சுண்டலைத் தின்றுவிட்டு இவர் சும்மா வந்தாரா? உப்பை இறக்கின பிறகு போட்டிருக்கிறார்கள் என்று சர்வரிடம் சொல்ல, உயரத் தொப்பி வைத்த மாஸ்டரே வெளியே வந்துவிட்டார். இரண்டு பேரும் கடலை வேகவைப்பதைப் பற்றி நின்றுகொண்டே பேசினார்கள். வெளியே வரும்போது காவலாளி கதவைத் திறந்துவிட்டு, “போய்ட்டு வாங்கய்யா” என்றார். நெஞ்சு நிமிர்ந்து படியிறங்கினேன், ஏதோ நானே சாதித்தது மாதிரி.

நாங்கள் உணவு ஆய்வாளர்கள் என்று நகரத்து பார்களில் ஒரு புரளி கிளம்பியதும் அப்போதுதான். குடிக்காத இரண்டு பேர், ஒருவர் ருசி பார்க்கிறார், ஒருவர் நோட்டில் எழுதுகிறார். வேறென்ன நினைப்பார்கள்? போகிற இடமெல்லாம் மேசையைத் துடைத்து, நெய் மிதக்கிற சுண்டலைத் தனியாக ஆக்கிக் கொண்டுவந்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது, அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சூப்பர்வைசரிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்து, “எல்லாருக்கும் போட்றத போடுப்பா. எனக்குன்னு ஆக்கினா உன் பயம்தான் ருசிக்குது” என்றார். அதற்குப் பிறகு நோட்டை மேசைமேல் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை. ஐப்பசியில் எங்கள் பட்டியல் ஒரு கடைத்தெருவுக்கு வந்தது. அங்கே ஒரு ஓட்டலின் மாடியில் பார். அதற்கு நேர் எதிரில் என் மைத்துனரின் தோல் கடை. என் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கடையில்தான் வந்து உட்காருவார்கள். பெண்ணின் அப்பன் பகல் பன்னிரண்டு மணிக்கு பார் படியேறுவதை அவர்கள் பார்த்தால் என்ன ஆகும்? “அந்த ஒண்ண நான் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று பிச்சாண்டியிடம் சொன்னேன். “போய்ட்டு வாங்க சார், உங்க நாக்கும் இப்ப என் நாக்குதானே” என்றார். அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை, அவரை வேறு பாரில் உட்காரவைத்துவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். மூன்று முறையும் படி ஏறாமல் திரும்பினேன். மூன்றாவது வாரம் நோட்டில் டிக் அடித்து, “இல்லை” என்று சொன்னேன். அவர் மறு கேள்வி கேட்கவில்லை.

தை முடிவதற்குள் நாலு பக்கமும் சிவந்துவிட்டது. தருமன் கிடைக்கவில்லை. அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன், கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அவர் தன் நாக்கைச் சந்தேகப்பட்டார். “எங்கியோ வாய்ல பட்டும் எனக்குத் தெரியாமப் போய்ட்டுகீது சார். மொதல்லேந்து வருவோம்” என்று, முதல் பக்கத்து முதல் பாரிலிருந்து தனியாகவே மறுபடி ஆரம்பித்தார். பள்ளியில் சாம்பார் இறக்குமுன் அவர் உப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஆயாவைக் கூப்பிட்டு, “கொஞ்சம் பாரும்மா, எனக்குத் தெரில” என்பார். ஒரு வியாழக்கிழமைச் சுண்டலில் உப்பே இல்லை. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம், யாரும் சாப்பிடாமல் தட்டோடு வைத்துவிட்டீர்கள். அவர் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் நான் சமையற்கட்டு வாசலைத் தாண்டும்போது, கரண்டியில் குழம்பை எடுத்து நீட்டி, “பாய் சார், உப்பு போதுமா பாருங்க” என்றார். அதை வாயில் வைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். “பிச்சாண்டி, உங்க நாக்குல ஒரு குத்தமும் இல்ல. அந்த மாடி பாருக்கு நான் போவவே இல்ல. எதிர டீக்கடையில உக்காந்துட்டு வந்து டிக் போட்டேன். பொண்ணு சம்பந்தம் கெட்டுடும்னு பயந்துட்டேன்.” அவர் கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, தானே ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். “உப்பு பத்தல” என்று சொல்லிப் போட்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, “நாளிக்கு சனிக்கெழமதானுங்களே சார்?” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினோம். கண்ணமங்கலம் தாண்டியதும் கேட்டார், “பாப்பா சம்பந்தம் நல்லபடியா முடிஞ்சிச்சிங்களா?” முடிந்தது என்றேன். “அப்ப சரி” என்றார். என் மைத்துனர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணெதிரிலேயே அந்தப் படிகளில் ஏறினேன். சலாம்கூடச் சொன்னேன்.

சுண்டல் வந்தது. பிச்சாண்டி ஒரு வாய் மென்றார், விழுங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டை என் பக்கம் தள்ளி, “நீங்க சொல்லுங்க சார்” என்றார். நான் தின்றேன். கருக வறுத்த சாமை பல்லில் நறநறத்தது. பூண்டு, மிளகாய், நம் பள்ளிக்கூடத்து வியாழக்கிழமை. “இதுதான் பிச்சாண்டி” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்று மேனேஜர் அடித்துச் சொன்னார். பேச்சுச் சத்தம் கேட்டுச் சமையற்கட்டிலிருந்து நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெயர் சாந்தி, அங்கே இப்போதைய மாஸ்டர் அவர்தான். பிச்சாண்டி தட்டைக் காட்டி, “இந்தப் பொடி யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார். சாந்தி மேனேஜரைப் பார்த்தார், பிச்சாண்டியின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நெற்றி. “மலை மாஸ்டர்” என்றார். “நாங்க அப்டித்தாண்ணா கூப்புடுவோம். பேரு தெரியாது. நல்ல மனுசன்.” மேனேஜர் முறைக்க முறைக்க, “உள்ள வாங்கண்ணா” என்று கதவைத் திறந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று அந்தப் பெண்மணி திறந்த கதவு அது. அவருக்கும் இந்த இடத்தில் என் வணக்கம்.

அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. சாந்தி அதை நிறுத்தினார். பிச்சாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பெதிரே நின்று, மூன்று தடவை கூப்பிட்டார். “தருமா, அண்ணன் வந்துகிறேன்டா. அம்மா கூப்புடுது. வூட்டுக்கு வா.” குரல் உடையவில்லை. காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்து ஓட்டிவருகிறவரைப் போலத் தெளிவாகக் கூப்பிட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

இனி வீடு போய்ச் சேரும்வரை பேச வேண்டியவன் நான். மலைக்குப் போகும் பஸ்ஸில் சனிக்கிழமைக் கூட்டம். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சீட்டில் பிச்சாண்டி துண்டை விரித்துவைத்திருந்தார். நின்றிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கண்டக்டர் வந்து, “துண்ட எடுங்க, இன்னா சொந்த வண்டியா?” என்றார். நான் மூன்று டிக்கெட் கேட்டேன். “மூணாவது யாரு?” என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமும் இல்லை. ஆனாலும் என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தது: “இவரு தம்பி. வேலூர்லேந்து வூட்டுக்குக் கூட்டிக்கினு போறோம்.” கண்டக்டர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பிச்சாண்டியைப் பார்த்தார். மலை ரூட்டில் ஓடுகிறவர், புரிந்துகொண்டார். மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, “யப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இங்க ஆளு கீது” என்றார். போளூரில் ஏறிய கூட்டத்திலும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டு வாசலை மிதித்தோம். பிச்சாண்டி, “அம்மா, வந்துட்டான்” என்றார். முனியம்மா எழுந்து வந்து வாசலைப் பார்த்துத் தலையசைத்தார், யாரையோ உள்ளே வரச் சொல்வது மாதிரி. பிறகு மகனிடம் கேட்டார், “ஏன்டா இம்மா நாளு?” நான் தரையைப் பார்த்தேன். என் பெயர் வரப்போகிறது என்று இருந்தது. வந்தால் அது நியாயம். பிச்சாண்டி சொன்னார், “அந்த ஒரு கடை பூட்டிக் கெடந்துச்சும்மா. ரிப்பேர் வேல. இப்பத்தான் தொறந்தாங்க. பாய் சார்தான் உடாம பாத்துனே இருந்தாரு.” அன்று அந்த அம்மா உப்புப் போட்ட சோறு தின்றார். எனக்கும் ஒரு தட்டு போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு அறுவடை பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

போன வாரம் குழிமேட்டில் நின்றுகொண்டிருந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பிச்சாண்டியும் பாய் சாரும் வேலூர்ல ஒரு கடைய உடலப்பா. ஒண்ணே ஒண்ணு பூட்டிக் கெடந்துச்சு. நம்ம நேரம், தருமன் அதுலதான் இருந்துகிறான்.” எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டேன்.

அவரைப் பற்றி எழுதுங்கள் என்று பழைய மாணவர்கள் கேட்டபோது, அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். யார் கைச் சமையல் என்று ஒரு வாயில் சொல்லிவிடுகிற நாக்கு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதைவிடப் பெரிது, பொய்யே சொல்லத் தெரியாத அந்த மனிதர் எனக்காகச் சொன்ன ஒரு பொய். பெற்ற தாயிடம் சொன்னார். அவர் இருக்கும்வரை அதை மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை, பேசியிருந்தால் அந்தத் தாய்முன்னும் ஊர்முன்னும் அவரைப் பொய்யர் ஆக்கியிருப்பேன். இனி அந்தப் பயம் இல்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை முனியம்மா உப்பில்லாமல் தின்றதற்குப் பூட்டு காரணமில்லை. அந்தக் கடை பூட்டிக் கிடக்கவில்லை. மூன்று சனிக்கிழமையும் திறந்துதான் இருந்தது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.